காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு ஒரு நாள்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் காவிரிப் படுகையில் மிகக் குறைவு. ஆயினும் அவர்களில் பெரும்பாலோர் அறிந்தது மறுநாள் செய்தித்தாளில் வெளியாகும் ஒரே படத்தைத்தான்: மாடியிலிருந்து மாம்பழங்கள் பறக்கின்றன, தெருவில் கைகள் மேலே நீள்கின்றன. நானும் அந்தப் படத்தை நம்பித்தான் முதல் முறை கும்பகோணத்திலிருந்து போனேன். காலையில் மூன்று பழங்கள் கிடைத்தன. வந்த வேலை முடிந்தது என்று பதினோரு மணிக்கெல்லாம் பேருந்து ஏறிவிட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்பகரத்தூர்ப் பாட்டி என் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, எல போடறதுக்கு முந்தியே பந்தியவுட்டு எந்திரிச்சிட்டீங்க?" என்றார். அன்று மாலை காரைக்கால் அம்மையார், பிச்சை ஏற்கும் கோலத்துச் சிவபெருமானான பிச்சாண்டவருக்கு இலை போட்டு அமுது படைப்பார் என்பதும், பாட்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அதற்காகவே மறுபடி வரப்போகிறார் என்பதும் அதன் பிறகுதான் தெரிந்தது. பேருந்து திருநள்ளாற்றைத் தாண்டிவிட்டிருந்தது. இறங்கித் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து மாலை வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். இது ஊரையே மேடையாகக் கொண்டு நடக்கும் ஒரு நாடகம். பழம் இறைப்பது அதில் ஒரு காட்சி. எந்தக் காட்சி எங்கே, எப்போது வருகிறது என்று அறிந்து போகிறவருக்குத்தான் ஒரு நாள் பயணம் வீணாகாது.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

திருவிழாவுக்கு நிலையான ஆங்கிலத் தேதி கிடையாது. ஆனிப் பௌர்ணமியைப் பொறுத்து ஜூன் மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை நடுப்பகுதிக்குள் எங்கேனும் விழும். 2024ஆம் ஆண்டில் மாங்கனி இறைக்கும் நாள் ஜூன் 21. 2025இல் அதே நாள் ஜூலை 10. எனவே சென்ற ஆண்டுத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு விடுப்புக்கு எழுதிக் கொடுப்பது ஆபத்து. வீட்டிலுள்ள தினசரி நாட்காட்டியில் ஆனிப் பௌர்ணமியைப் பார்த்து, கோயில் அழைப்பிதழ் வெளிவந்ததும் அதனோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். நேரங்களையும் அழைப்பிதழைக் கொண்டே முடிவு செய்யுங்கள். நான் கீழே சொல்லுபவை ஒரு மதிப்புக்காகத்தான்.

முக்கியமான நாட்கள் மூன்று. முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு: ஆற்றங்கரைச் சித்தி விநாயகர் கோயிலிலிருந்து அம்மையாரின் கணவர் பரமதத்தர் மாப்பிள்ளைக் கோலத்தில் ஊர்வலமாக அழைத்து வரப்படுகிறார். இரண்டாம் நாள் காலை அம்மையார் மணிமண்டபத்தில் புனிதவதியார் என்ற இயற்பெயர் கொண்ட அம்மையாருக்கும் பரமதத்தருக்கும் திருக்கல்யாணம். மூன்றாம் நாள் பிச்சாண்டவர் வீதியுலா, மாங்கனி இறைத்தல், அமுது படையல். அன்றிரவு தொடங்கி மறுநாள் விடியும்வரை கதையின் பிற்பகுதி.

ஒரே நாள்தான் முடியும் என்றால் மூன்றாம் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் கைக்குழந்தையோடும், முழங்கால் வலியுள்ள பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு நான் இரண்டாம் நாளையே சொல்வேன். அன்று கூட்டம் தாங்கக்கூடியதாக இருக்கும், கல்யாணத்தை உட்கார்ந்து பார்க்கலாம், யாரும் யாரையும் இடிக்க மாட்டார்கள்.

போகுமுன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மற்ற ஏற்பாடுகளில் ஒன்றிரண்டைத் தவறவிட்டாலும் பாதகமில்லை. இதைத் தவறவிட்டால் தெருவில் நடப்பது எதுவும் புரியாது. ஆகவே சேக்கிழார் பாடிய வரலாற்றைச் சுருக்கமாகவேனும் பிள்ளைகளுக்கு முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள்.

காரைக்காலில் வணிகர் தலைவரான தனதத்தரின் மகள் புனிதவதியார். நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தருக்கு அவரை மணம் செய்துகொடுத்து, மகளைப் பிரிய மனமில்லாமல் காரைக்காலிலேயே தனி வீடு அமைத்துத் தருகிறார் தந்தை. ஒருநாள் கடையிலிருந்து பரமதத்தர் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறார். பசியோடு வந்த சிவனடியார் ஒருவருக்குச் சோறு ஆகியிருந்தும் கறியமுது ஆகாதிருந்ததால், புனிதவதியார் அந்தக் கனிகளில் ஒன்றை இலையில் இட்டு அமுது செய்விக்கிறார். பகலில் உண்ண வந்த கணவர் மற்றொரு கனியைச் சுவைத்துவிட்டு, இன்னொன்றையும் கொண்டுவரச் சொல்கிறார். உள்ளே சென்ற புனிதவதியார் இறைவனை நினைந்து நிற்க, அவர் கையில் ஒரு கனி வந்து சேர்கிறது. அதன் சுவை முந்தையதைப் போல் இல்லாததால் கணவர் வினவுகிறார். மனைவி நடந்ததைச் சொல்லுகிறார். அப்படியானால் இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்கிறார் அவர். வந்த கனியை அவர் கையில் வாங்கியதும் அது மறைந்துவிடுகிறது.

அச்சமுற்ற பரமதத்தர் வணிகத்தின் பேரில் கப்பலேறிப் போய்ப் பாண்டிய நாட்டுத் துறைமுக நகரமொன்றில் தங்கி, வேறு மணம் புரிந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறார். செய்தி அறிந்த சுற்றத்தார் புனிதவதியாரைச் சிவிகையில் ஏற்றி அங்கே அழைத்துப்போக, பரமதத்தரோ புது மனைவியோடும் மகளோடும் வந்து அவர் காலில் விழுகிறார். கணவனுக்காகச் சுமந்த உடல் இனி வேண்டாம் என்று அதை உதறிப் பேய் வடிவம் பெற்ற புனிதவதியார், கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து செல்கிறார். "அம்மையே" என்று இறைவன் அழைத்ததால்தான் நாம் இன்றும் அவரைக் காரைக்கால் அம்மையார் என்கிறோம்.

இனி இதைத் திருவிழா நாட்களோடு பொருத்திப் பாருங்கள். முதல் நாள் ஊர்வலத்தில் வருகிற மாப்பிள்ளை நாகப்பட்டினத்துப் பையன். ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர் என்பதால் தெருவில் பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் என்று கேலி பேசிக்கொள்வதைக்கூட நான் கேட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் காலையில் பவழக்கால் சப்பரத்தில் உலா வரும் பிச்சாண்டவர், பசியோடு வந்த அந்த அடியாராக வரும் சிவபெருமான். அவர் வருகிற வழியெல்லாம் மக்கள் மாங்கனி படைக்கிறார்கள், இறைக்கிறார்கள். மாலையில்தான் அவர் புனிதவதியாரின் வாசலை அடைந்து உண்கிறார். காலையில் பழத்தோடு ஊர் திரும்புகிறவர், விருந்தாளி இன்னும் வீட்டு வாசலுக்கே வராத நேரத்தில் புறப்பட்டுவிடுகிறார்.

இசையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இன்னொரு சிறு வேலையும் தருகிறேன். அம்மையார் பாடியவை அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. பதிகங்களில் ஒன்று நட்டபாடைப் பண்ணிலும் மற்றொன்று இந்தளப் பண்ணிலும் அமைந்தவை. தேவாரம் பாடிய மூவருக்கும் முற்பட்டவை என்பதாலேயே அவற்றுக்கு "மூத்த" என்ற அடைமொழி. சுடுகாட்டில் பேய்கள் சூழ ஆடும் ஈசனைப் பாடும் அந்தப் பதிகங்களை ஓதுவார் ஒருவர் பாடிக் கேட்டுவிட்டுப் போனால், மல்லிகைச் சரமும் பட்டுப் புடவையுமாக இருக்கும் கல்யாணப் பெண்ணை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் சுவரில் ஆடவல்லானின் காலடியில் எலும்பும் தோலுமாக அமர்ந்து தாளம் தட்டுபவரும் இவரே.

போக்குவரத்து

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த ஊர் ஆதலால் நிர்வாகம் புதுச்சேரியைச் சார்ந்ததே தவிர, கடல் நீங்கலாக மற்ற மூன்று பக்கமும் நம் ஊர்கள்தாம். வழித்துணையாக ஓடிவருவதும் நம் அரசலாறுதான். கும்பகோணத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். பூந்தோட்டம், அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகப் பேருந்துகள் செல்லுகின்றன. மயிலாடுதுறையிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் குறைவு. பொறையாறு வழியாகவும் வரலாம், பேரளம் வழியாகவும் வரலாம். தஞ்சாவூரிலிருந்து 95 கிலோமீட்டர் அளவில் வரும் என்பதால் அங்கிருந்து வருகிறவர்கள் விடிவதற்கு முன்பே புறப்பட்டாக வேண்டும். ரயிலில் வர விரும்புவோர் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் என்ற தடத்தில் வரலாம். நாகூரிலிருந்து காரைக்கால் வரையிலான பாதை 2011ஆம் ஆண்டின் இறுதியில்தான் திறக்கப்பட்டது. ரயில் நேரம் வீதியுலா நேரத்தோடு ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ளாமல் ரயிலை நம்ப வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு: தமிழ்நாட்டில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கு மட்டுமே உரியது. காரைக்காலுக்குச் செல்லும் புறநகர்ப் பேருந்துகளில் பயணச்சீட்டு வாங்கியாக வேண்டும். திருவிழா நாளில் நடத்துநரோடு இதற்காக வாதிடுகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

சொந்த வண்டியில் வருகிறவர்கள் கோயில்கள் உள்ள பாரதியார் வீதிவரை வண்டியை ஓட்டிவந்து நிறுத்தலாம் என்று எண்ணக் கூடாது. உலா செல்லும் வீதிகளைக் காவல்துறையினர் அடைத்துவிடுவார்கள். ஊரின் விளிம்பிலேயே வண்டியை விட்டுவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதே உத்தமம். திரும்பும்போது பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம். பொதுவாக விலை தமிழ்நாட்டைவிடக் குறைவாக இருக்கும். அதே எண்ணத்தில் மதுப்புட்டிகளையும் வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு புறப்படுகிறவர்களும் உண்டு. எல்லைச் சோதனைச் சாவடியில் பிடிபட்டால் வழக்குதான். குடும்பத்தோடு வந்த நாளில் அந்த வம்பு வேண்டாம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

ஒரு கெட்டியான துணிப்பை முதலாவது. நெகிழிப் பையில் போட்ட மாம்பழம் புழுங்கிப்போகும். மஞ்சள் பை என்றால் பழமும் கெடாது, கைப்பிடியும் அறாது. அடுத்து ஒரு பெரிய துண்டு, ஏந்துவதற்கும் துடைப்பதற்கும். குடிநீர் ஒருவருக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். கைப்பேசியைச் சிறிய நெகிழி உறைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பழச்சாறு உள்ளே இறங்கி என் பழைய கைப்பேசி ஒன்று பேசுவதையே நிறுத்திக்கொண்டது. தாலிச் சரடு தவிர மற்ற நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. பிள்ளைகளின் சட்டைப் பையில் பெற்றோரின் கைப்பேசி எண்ணை எழுதிய சீட்டு இருக்கட்டும்; தொலைந்தால் சந்திப்பதற்கு என்று ஓரிடத்தையும் முன்னதாகவே காட்டி வையுங்கள். கோயில் வாசலைச் சொல்லாதீர்கள், அங்கேதான் எல்லோரும் நிற்பார்கள். பெயர்ப்பலகையுள்ள ஒரு கடையைச் சொல்லுங்கள்.

பிச்சாண்டவருக்குப் பழம் படைக்க விரும்புகிறவர்கள் தங்கள் ஊர்ச் சந்தையிலேயே முதல் நாள் வாங்கிவிட வேண்டும். திருவிழாக் கடையில் விலை கூடுதலாக இருக்கும் என்பது ஒன்று. மிச்சமிருப்பவை அடிபட்டவையாக இருக்கும் என்பது மற்றொன்று. ஆனியில் பங்கனப்பள்ளி ஓய்ந்துகொண்டிருக்கும், நீலமும் ருமானியும் நன்றாகக் கிடைக்கும். எறியப்போவதாக இருந்தால் முக்கால் பழுத்த நீலத்தைத் தேர்ந்தெடுங்கள். நன்கு கனிந்த பழம் எவர் தலையிலாவது விழுந்து உடையும், கல்லைப் போன்ற காய் எவர் நெற்றியையாவது பதம் பார்க்கும்.

காலை: வீதியுலா

ஏழு மணிக்குள் பாரதியார் வீதியில் இருக்கும்படி திட்டமிடுங்கள். கைலாசநாதர் கோயிலும் அம்மையார் கோயிலும் அவ்வீதியிலேயே அருகருகே உள்ளன. முதலில் அம்மையாரைத் தரிசித்துவிடுவது நல்லது. வீதியுலா தொடங்கிய பிறகு கோயிலுக்குள் நுழைவதும் வெளியேறுவதும் அவரவர் விருப்பத்தில் நடப்பதில்லை, கூட்டத்தின் விருப்பத்தில் நடக்கும்.

பிச்சாண்டவர் கைலாசநாதர் கோயிலிலிருந்து புறப்படும் தருணத்தை மட்டும் தவறவிடாதீர்கள். பழம் பிடிப்பதில் முனைப்பாக இருப்பவர்கள் அதற்குள் தெருமுனைக்கு நகர்ந்துவிடுவதால் கோயில் வாசலில் சற்று இடம் இருக்கும். சுவாமி வெளிவரும்போது நாகசுரத்தில் மல்லாரி வாசிப்பது மரபு. கம்பீர நாட்டை ராகத்தில் அமைந்த அந்த உருப்படிக்குச் சாகித்தியம் இல்லை. தவில் சொற்கட்டின் மேலேயே அது நடக்கும். ஒலிபெருக்கியின் துணையில்லாமல் பத்தடி தொலைவில் நின்று அதைக் கேட்க வேண்டும். ஒருமுறை, தவில் வாசித்தவரின் வலக்கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகளில் ஒன்று தெறித்துக் கூட்டத்தில் விழுந்தது. அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. சிறுவன் ஒருவன் அதைப் பொறுக்கிக்கொண்டு சப்பரத்தோடு ஒரு தெரு தூரம் நடந்து, அவர் மூச்சு வாங்கிய நேரத்தில் நீட்டினான்.

பிறகு எங்கே நிற்பது? பாரதியார் வீதியின் நடுப்பகுதியில் நெரிசல் மிகுதி. சப்பரம் கென்னடியார் வீதி, மாதா கோயில் வீதி, லெமேர் வீதி வழியாகச் சுற்றி வருகிறது. பிரெஞ்சுப் பெயர் தாங்கிய தெருவில் பிச்சாண்டவர் பழம் வாங்கிக்கொண்டு போவது இந்த ஊரில்தான் நடக்கும். நான் பெரும்பாலும் பின்னால் வரும் வீதிகளிலேயே நிற்பேன். அங்கே சப்பரம் வரத் தாமதமாகும் என்றாலும் வீட்டுத் திண்ணைகளில் உட்கார இடம் கிடைக்கும், "தண்ணி வேணுமாங்க?" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்காரர்கள் வெளியே வருவார்கள்.

நிற்கும் இடத்தை முடிவு செய்யுமுன் தலையை நிமிர்த்தி மாடிகளைப் பாருங்கள். எந்த மாடியில் கூடைகள் தெரிகின்றனவோ அந்த வீட்டுக்கு நேர் எதிரே நிற்காமல் நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள், பழம் நேராகக் கீழே விழுவதில்லை. வேண்டுதல் நிறைவேறியவர்கள் பிச்சாண்டவருக்கு நிவேதனம் செய்த பிறகு, சப்பரம் தங்கள் வீட்டைக் கடந்து நகரும்போதுதான் இறைக்கத் தொடங்குகிறார்கள். ஆகவே சப்பரத்துக்கு முன்னால் ஓடுவதால் பயனில்லை. அதன் பின்னே நடப்பவருக்கே பழம் கிடைக்கும். கைகளை விரித்துத் தாவுவதைவிட, இருவர் சேர்ந்து துண்டை நான்கு முனையிலும் பிடித்து ஏந்துவது சிறந்த வழி. பெண்கள் முந்தானையை ஏந்துகிறார்கள். குடையைத் தலைகீழாகப் பிடிப்பவர்களும் உண்டு, ஆனால் குடைக்கம்பி பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கு நேராக இருக்கிறது என்பதால் நான் அதைச் செய்வதில்லை, பிறருக்கும் சொல்வதில்லை. கீழே விழுந்த பழத்துக்காக மட்டும் குனியவே கூடாது. அந்த நெரிசலில் குனிந்தவர் எழுவது கடினம்.

குழந்தை வேண்டி வரும் பெண்கள் இங்கே பிடிக்கும் கனியைப் பிரசாதமாக எண்ணி உண்பது நெடுநாளைய நம்பிக்கை. கூட்டத்தில் அவர்களை அடையாளம் காண்பது கடினமல்ல. விளையாட்டாக வந்தவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கும்போது அவர்கள் சிரிக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். லெமேர் வீதியில் ஒரு மாடியில் நின்ற அம்மாள், கூடையில் கடைசியாக இருந்த இரண்டு பழங்களை எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு இடப்புறம் நின்ற இளம்பெண்ணைச் சுட்டிக்காட்டி, "நீதாம்மா, நீதான், முந்தானையப் பிடி" என்று சொல்லிவிட்டு, எறியாமல் மெல்ல நழுவவிட்டார். சுற்றி நின்றவர்கள் எவரும் கையை நீட்டவில்லை. முதன்முறை செல்வோர் இந்த ஒழுங்கை அறிந்திருக்க வேண்டும்: உங்களுக்குப் பக்கத்தில் அப்படி ஒருவர் நின்றால் அவருக்கு நேராக வரும் பழத்தைத் தாவிப் பிடிக்காதீர்கள்.

நடுப்பகல்

பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை கொதிக்கத் தொடங்கிவிடும். ஆனியில் மேல்காற்று வீசுவதால் கடலோர ஊராக இருந்தும் பிற்பகல் வரை கடற்காற்று எளிதில் உள்ளே வராது. அதனால் பதினோரு மணிக்குள் இரண்டு மூன்று பழங்களோடு மனநிறைவு கொண்டு கூட்டத்தைவிட்டு விலகிவிடுங்கள். நீர்மோர்ப் பந்தல்களும் அன்னதானமும் வீதிகளில் உண்டு. அன்னதான வரிசை நீளமாக இருந்தால் பேருந்து நிலையப் பக்கத்து உணவகங்களை நாடலாம்.

மாலை வரை என்ன செய்வது என்பதற்கு மூன்று வழிகள் உள்ளன. எளிதானது, நிழலுள்ள ஓரிடத்தில் துண்டை விரித்துப் படுத்துவிடுவது. மாலையில் வெகுநேரம் நிற்க வேண்டியிருப்பதால் பெரியவர்களுக்கு இதுவே ஏற்றது. இரண்டாவது திருநள்ளாறு. ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் நடுப்பகலில் நடை சாத்தியிருப்பார்கள் என்பதால் நான்கு மணிக்கு மேல்தான் தரிசனம் கிடைக்கும், அதற்குள் இங்கே அமுது படையலுக்கு இடம் போய்விடும். சனிக்கிழமையாக இருந்தால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

சொந்த வண்டி உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவதான தரங்கம்பாடி. வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். 1620ஆம் ஆண்டில் டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலை நோக்கி நிற்கிறது. 1845இல் அவர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள் சிறிய அருங்காட்சியகமும் உண்டு. வெள்ளிக்கிழமையாக இருந்தால் கோட்டை மூடியிருக்கும், கடற்கரையோடு திரும்ப வேண்டியதுதான். ஜெர்மானியச் சமயப் பரப்பாளர் சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய ஊரும் இதுவே. அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் இராசா வீதியில் இருக்கிறது. கடலை ஒட்டியுள்ள மாசிலாமணிநாதர் கோயிலை அலைகள் வெகுவாக அரித்துவிட்டன. இவ்வளவையும் இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டு நான்கரை மணிக்குக் காரைக்கால் திரும்பிவிட முடியும். அதற்கு மேல் ஒரு நிமிடமும் தங்காதீர்கள்.

காரைக்கால் கடற்கரையையும் சொல்லாமல் விட முடியாது. அரசலாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியது அது. ஆற்றங்கரையோடு செல்லும் சாலையில் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவு இருக்கும். மேட்டூர் வழக்கம்போல் ஜூன் 12இல் திறக்கப்பட்டாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும் ஆதலால், பல ஆண்டுகளில் இந்தச் சமயத்து அரசலாற்றில் நீங்கள் காண்பது காவிரி நீராக இராது, உள்ளே ஏறிவந்த கடல்நீராக இருக்கும். கால் நனைக்கலாம், முகத்துவாரத்தருகே குளிக்க இறங்க வேண்டாம்.

மாலை: அமுது படையல்

ஐந்து மணிக்கு அம்மையார் கோயில் பக்கம் வந்து இடம் பிடித்துவிடுங்கள். பகல் முழுவதும் ஊர் சுற்றிவிட்டு வரும் பிச்சாண்டவரை அம்மையார் எதிர்கொண்டு அழைத்துச் செல்கிறார். காலையில் கூச்சலிட்ட அதே தெரு இப்போது குரலடங்கி நிற்பதை நீங்களே உணர்வீர்கள். கோயிலில் இலை விரித்துத் தயிர் அன்னமும் மாங்கனியும் மற்றப் பதார்த்தங்களும் படைக்கப்படுகின்றன. ஒரு வீட்டில் விருந்தாளிக்கு எப்படிப் பரிமாறுவார்களோ அப்படித்தான் எல்லாம் நடக்கும், அவசரம் கிடையாது. முன்வரிசையில் நிற்கும் பாட்டிகள் இலையில் எது முதலில் விழுகிறது, எது விட்டுப்போயிற்று என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வது காதில் விழும். சென்ற முறை ஒருவர், "கறி ஆவலங்கறதுக்காவ ஒரு பழத்த வச்சா, அதுலேர்ந்து வந்ததுதான் இவ்வளவும்" என்று பக்கத்திலிருந்த பேத்தியிடம் சொன்னார்.

இந்தக் காட்சியைப் படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தினால் பின்னால் நிற்கும் குழந்தைகளுக்கு மறைக்கும். ஓரிரண்டு படங்களோடு நிறுத்திக்கொண்டு கண்ணால் பாருங்கள். பிரசாதம் கிடைக்கச் சற்று நேரமாகும். பாத்திரம் கொண்டுவந்திருந்தால் எளிது. மாலை நேரங்களில் நடைபெறும் இசை, நடன நிகழ்ச்சிகளின் விவரம் அழைப்பிதழில் அச்சாகியிருக்கும். பேருந்துக்கு நேரம் இருந்தால் ஒரு அரைமணி உட்கார்ந்து கேட்கலாம்.

கதையின் மிச்சப் பகுதி, அதாவது பரமதத்தரின் இரண்டாம் திருமணம், அம்மையாரின் பேய் வடிவம், இறைவன் காட்சி கொடுத்தல் ஆகியவை இரவிலிருந்து விடியற்காலை வரை நடைபெறுகின்றன. ஒருநாள் பயணத்தில் அவை அடங்கா. தங்கிப் பார்க்க விரும்புவோர் தேதி தெரிந்த அன்றே அறையைப் பதிவு செய்துவிட வேண்டும். காரைக்காலில் கிடைக்காவிட்டால் திருநள்ளாற்றிலும் நாகூரிலும் விடுதிகள் நிறைய உண்டு.

திரும்புதல்

அமுது படையல் முடிந்ததும் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் பேருந்து நிலையத்தை நோக்கி நகரும். அதில் முண்டியடிப்பதைவிட ஒரு தேநீர் குடித்துவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருப்பது மேல். ஆனால் உங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கியவுடனேயே நேரக் காப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கேட்டால் பதில் சொல்ல அவருக்கு நேரமிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து பழங்களை எடுத்துத் தனித்தனியாக வையுங்கள். பிடித்த பழத்தில் எங்கேனும் அடி விழுந்தே இருக்கும். அது மறுநாளுக்குத் தாங்காது. எங்கள் வீட்டில் அன்றிரவே பூசையறையில் வைத்து எடுத்து, அடிபட்ட பக்கத்தைச் சீவிவிட்டு, வந்தவர் வராதவர் எல்லோருக்கும் ஒரு கீற்றாவது கிடைக்கும்படி நறுக்கித் தயிர்சோற்றோடு சாப்பிட்டுவிடுவோம்.